தலைநகரில் சாணம் மெழுகிய முற்றங்கள்

தில்லிக்குச் சுற்றுலா செல்லும் நம் வாசகர்களுள் பெரும்பாலோர் கையில் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் இருக்கும். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோவில், அக்ஷர்தாம். நேரம் மிஞ்சினால் கரோல் பாக் கடைவீதி. அரசர்களும் ஆட்சியாளர்களும் எழுப்பியவற்றைக் கண்டு வியந்துவிட்டு இரயிலேறிவிடுகிறோம். குடிமக்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடுகளை ஒரே இடத்தில் காணும் வாய்ப்பும் அந்நகரில் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய கோட்டை எனப்படும் புராணா கிலாவின் அருகே, பைரோன் மார்க் சாலையில், பிரகதி மைதானத்தின் ஓரமாக அமைந்திருக்கிறது தேசியக் கைவினை அருங்காட்சியகம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் பொறுப்பில் இயங்குவது. சாலையில் போகிறவர் கண்ணில் அது எளிதில் படாது. கோபுரமோ மாடமோ தூண்வரிசையோ இல்லை. தாழ்ந்த சுவர்கள், ஓட்டுக்கூரை, மரங்கள், அவ்வளவே.

அந்த அடக்கம் தற்செயலன்று. கட்டடத்தை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. 1970-களின் நடுவில் தொடங்கி 1990-ஐ ஒட்டி நிறைவுற்ற பணி அது. கைவினைப் பொருள்கள் வைக்கப்படும் இடம் அப்பொருள்களை மிஞ்சி நிற்கலாகாது என்பது அவர் எண்ணம். ஆகவே, ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு நடந்துசெல்லும் தெருவைப் போல அதனை அமைத்தார். கிராமத்து முற்றம், கோவில் முற்றம், அரசவை முற்றம் என்று அத்தெரு படிப்படியாக நகர்கிறது. உள்ளே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. நெசவு, மரச்செதுக்கு, உலோகம், சுடுமண், பொம்மை என்று அவற்றைப் பார்க்கவே ஒரு நாள் போதாது. ஆயினும் இக்கட்டுரை அக்கூடங்களைப் பற்றியதன்று. அவற்றுக்கு வெளியே, திறந்தவெளியில் நிற்கும் கிராமத்தைப் பற்றியது.

கண்காட்சிக்கு வந்த குடிசைகள்

கைவினை அருங்காட்சியகத்தின் வேர் 1950-களில் இருக்கிறது. விடுதலைக்குப் பின் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைவினை வாரியமும், அதனை வழிநடத்திய கமலாதேவி சட்டோபாத்யாயும், நெசவு, கைவினைத் துறைகளுக்காக உழைத்த புபுல் ஜெயகரும் நாடெங்கிலுமிருந்து பொருள்களைத் திரட்டச் செய்தனர். இன்றைய கைவினைஞர்களுக்கு அவை முன்மாதிரியாகப் பயன்படவேண்டும் என்பதே நோக்கம். வேடிக்கை பார்க்க வருவோருக்காக அன்று. தொழில் செய்பவருக்காகத் தொடங்கிய சேகரிப்பு என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

கிராமம் வந்த கதை வேறு. இந்திய விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல் பிரகதி மைதானத்தில் 'ஏசியா 72' என்ற அனைத்துலக வணிகக் கண்காட்சி நடைபெற்றது. தொழில்வளத்தை உலகுக்குக் காட்டும் அந்த விழாவில் ஊரக இந்தியாவுக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. பல மாநிலங்களின் வீட்டு வகைகள் அங்கே எழுப்பப்பட்டன. கண்காட்சி முடிந்ததும் பிரிக்கப்பட வேண்டிய தற்காலிகக் கட்டுமானங்கள் அவை. பிரிக்கப்படாமல் அருங்காட்சியகத்தின் பகுதியாயின.

அதே விழாவுக்காக, அதே மைதானத்தில், வேறொரு கட்டடமும் எழுந்தது. ராஜ் ரேவால் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்கிட்டு எழுப்பிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்'. நடுவே தூண் ஏதுமின்றிக் கான்கிரீட் சட்டங்களை முக்கோண முக்கோணமாகப் பின்னிய மாபெரும் மண்டபம் அது. நிலைத்து நிற்பதற்கென்றே கட்டப்பட்டது. 2017 ஏப்ரலில், புதிய மாநாட்டு வளாகத்துக்கு இடம் வேண்டி, கட்டடக் கலைஞர்களின் எதிர்ப்பையும் மீறி அது இடிக்கப்பட்டது. இன்று அங்கே பாரத மண்டபம் நிற்கிறது. சில நாள்களுக்கென்று எழுப்பிய மண்வீடுகளோ இன்னும் நிற்கின்றன. எது நிலையானது, எது தற்காலிகமானது என்பதைக் கட்டுமானப் பொருளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாதுபோலும்.

ஆண்டுதோறும் கட்டப்படும் வீடு

கிராம வளாகத்துள் நுழைந்ததும் முதலில் மாறுவது காலடி ஓசை. சிமெண்டுத் தளம் முடிந்து மண் தொடங்குகிறது. வீடுகள், முற்றங்கள், சிறு வழிபாட்டிடங்கள் எனப் பதினைந்து அளவில் இங்கே உள்ளன.

குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்த வட்டவடிவ வீட்டின் முன் சற்றே நின்று பார்க்கவேண்டும். 'பூங்கா' என்பது அதன் பெயர். நம் மொழியின் பூங்காவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வட்டமான தடித்த மண்சுவர், அதன்மேல் கூம்புவடிவப் புல்கூரை. உட்சுவரில் களிமண்ணும் சாணமும் குழைத்துக் கோலம்போலப் புடைத்தெழுப்பி, இடையிடையே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒரே ஒரு விளக்கை ஏற்றினாலும் அறை முழுவதும் மின்னும். அழகுக்காக மட்டும் அவ்வடிவம் உருவாகவில்லை. சுழன்றடிக்கும் பாலைக்காற்றுக்கு வட்டச்சுவரில் மோதிநிற்க மூலை கிடையாது. நிலம் அதிர்ந்தாலும் அவ்வட்டம் அதிர்ச்சியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியைச் சிதைத்த நிலநடுக்கத்தில், அடுக்குமாடிகள் சரிந்த ஊர்களின் அருகே நன்கு கட்டப்பட்ட பூங்கா வீடுகள் பல பெரும் சேதமின்றி நின்றன. பொறியாளர்கள் அதன்பின் அவ்வடிவத்தை முறையாக ஆராய்ந்தார்கள்.

இமயமலைச் சாரலின் குலு வீடு இதற்கு நேர்மாறான தோற்றமுடையது. தேவதாரு மரச்சட்டமும் கல்வரிசையும் மாறிமாறி அடுக்கி எழுப்பிய சுவர். இடையே சாந்து இல்லை. கீழ்த்தளம் மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. பனிக்காலத்தில் கீழே கட்டியிருக்கும் மாடுகளின் உடற்சூடு மேலேறி வீட்டை வெதுவெதுப்பாக்கும். மின்சாரக் கட்டணம் இல்லாத சூடேற்றி! வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில் வீடுகளோ மண்ணைத் தொடுவதேயில்லை. மழையும் ஈரமும் மிகுந்த நிலத்துக்கு ஏற்றபடி கால்களின்மேல் உயர்ந்து நிற்கின்றன.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு போகும்போது நம் வாசகர்களுள் ஐம்பதைக் கடந்தோர்க்குத் தத்தம் ஊர் நினைவுக்கு வருவது இயல்பு. களிமண்ணில் வைக்கோலோ உமியோ கலந்து, மிதித்து, புளிக்கவைத்து, ஓர் அடுக்கு காய்ந்தபின் அடுத்த அடுக்கு என்று சுவர் எழுப்பிய காலம் வெகுதொலைவில் இல்லை. அந்தச் சுவர் கட்டி முடித்த வீடு ஒருநாளும் முடிந்துபோனதில்லை. கார்காலம் போனால் கரைந்த இடத்துக்குப் பூச்சு. பொங்கலுக்கு முன் வெள்ளையும் காவியும். வெள்ளிதோறும் தரை மெழுகல். ஓலையானால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்றல்.

வங்கித்துறையில் உள்ளோர் 'தேய்மானம்' என்ற சொல்லை நன்கு அறிவர். சொத்தின் மதிப்பில் ஆண்டுதோறும் இவ்வளவு குறையும் என்று கணக்கில் எழுதுகிறோம். மண்வீட்டில் வாழ்ந்தவர்கள் அத்தேய்மானத்தை ஏட்டில் எழுதவில்லை. அவ்வவ்வாண்டே கைகளால் ஈடுகட்டினார்கள். அதனால்தான் நூறாண்டு வயதான மண்வீடு என்று ஒன்றைச் சுட்டும்போது, அதன் மேற்பூச்சுக்கு வயது ஓராண்டாகவும், கூரைக்கு வயது நான்காண்டாகவும் இருக்கும். அந்தக் கைகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்பதையும், அவ்வுழைப்புக்கு எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். திறந்தவெளி அருங்காட்சியகங்கள் பழைய வாழ்வை அழகாக்கிக் காட்டிவிடுகின்றன என்ற குறை உலகெங்கும் உண்டு. அது முற்றிலும் பொய்யன்று. குடிநீருக்கு எத்தனை தொலைவு நடந்தார்கள் என்பதை எந்தக் குடிசையும் பார்வையாளருக்குச் சொல்வதில்லை.

தங்கவேண்டியவை, கரையவேண்டியவை

ஆக, இத்தகைய வீட்டைப் 'பாதுகாப்பது' என்றால் என்ன? கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் செப்புத் திருமேனியைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு. மண்வீட்டைத் தொடாமல் இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் அது குவியலாகிவிடும். மெழுகத் தெரிந்தவர் வந்துகொண்டே இருக்கவேண்டும். வேயத் தெரிந்தவர் இருக்கவேண்டும்.

திறந்தவெளியில் நிற்கும் சுடுமண் குதிரைகளைத் தமிழர் எவரும் கண்டவுடனே அறிந்துகொள்வர். நம் ஐயனாரின் புரவிகள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் வேளார் எனப்படும் குயவர்கள் செய்து, ஊர்கூடி எடுத்துச் சென்று கோவில் தோப்பில் நிறுத்தும் 'புரவி எடுப்பு' விழாவை நேரில் கண்டவர்களும் நம்மிடையே இருப்பார்கள். அங்கே, நிறுத்திய குதிரையை அதன்பின் எவரும் பழுதுபார்ப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அது விரிசல் விட்டு, கால் உடைந்து, மெல்ல மண்ணாகும். அடுத்த விழாவில் புதுக்குதிரை வந்து முன்னே நிற்கும். நேர்ந்துகொண்டு கொடுத்ததோடு கடமை முடிந்தது. பொருள் நிலைப்பது நோக்கமன்று. தில்லியில் நிற்கும் குதிரைக்கோ புதிய குதிரை வரிசை பின்னால் வருவதில்லை. எனவே அங்கே அது நிலைத்தாகவேண்டும். இடம் மாறியதும் பொருளின் இயல்பே மாறிவிடுகிறது.

இந்தச் சிக்கல் எத்தகையது என்பதை அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. பீகாரின் மிதிலைப் பகுதியில், மணமக்களுக்கென ஒதுக்கிய அறையின் சுவரில் பெண்கள் ஓவியம் தீட்டுவது மரபு. அந்த அறைக்குக் 'கோஹ்பர்' என்று பெயர். தாமரைக்கொடியும் மூங்கிலும் மீனும் பறவையும் நிறைந்த மங்கல ஓவியம். 1960-களின் பிற்பகுதியில் பீகாரைப் பெரும் வறட்சி தாக்கியபோது, பெண்களுக்கு வருவாய் கிடைக்கட்டும் என்று புபுல் ஜெயகரின் முயற்சியால் கைவினை வாரியம் காகிதம் கொடுத்து வரையச் செய்தது. சுவரில் இருந்த ஓவியம் சந்தைக்கு வந்த வரலாறு அதுதான். அப்படி வரையத் தொடங்கியவர்களுள் ஒருவர் கங்கா தேவி. மெல்லிய கோடுகளாலேயே உருவங்களை எழுப்பும் அவர் கைவண்ணம் தனித்தன்மை உடையது. அமெரிக்கா சென்றுவந்தபின் அங்கே தாம் ஏறிய ராட்டினத் தொடர்வண்டியையும் அதே மிதிலைக் கோடுகளில் வரைந்தவர் அவர்! 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அப்போது அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர் ஜோதீந்திர ஜெயின். அவர் அழைப்பின்பேரில் 1989, 1990 ஆண்டுகளை ஒட்டி, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நிலையிலும், கங்கா தேவி அருங்காட்சியகத்தின் ஓர் அறைச்சுவர் முழுவதும் கோஹ்பர் ஓவியத்தைத் தீட்டி முடித்தார். 1991-இல் மறைந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையாளர்கள் கண்டு நின்ற அந்தச் சுவரோவியம், 2015-இல் வளாகத்தில் நடந்த சீரமைப்புப் பணியின்போது அழிந்துபோனது. செய்தி வெளிவந்தபோது கலையுலகில் எழுந்த துயரம் இன்றும் அடங்கவில்லை.

மிதிலைக் கிராமத்தில் ஒரு கோஹ்பர் சுவர் அழிவது செய்தியே அன்று. அடுத்த திருமணத்துக்கு முன் அதன்மேல் மண் பூசுவார்கள். வேறொரு பெண் புதிதாக வரைவாள். அம்மரபில் அழிவும் ஓர் அங்கம். சீரமைக்க வந்தவர்களின் கண்ணுக்கும் அது ஒருவேளை மீண்டும் வரைந்துகொள்ளக்கூடிய மற்றுமொரு நாட்டுப்புறச் சுவராகத் தெரிந்திருக்கலாம். ஆனால் தில்லியில் இருந்தது மரபின் மாதிரி மட்டுமன்று. கங்கா தேவி என்ற ஒருவரின் கையெழுத்து. குடிசையின் மெழுகலை யாரும் புதுப்பிக்கலாம், புதுப்பித்தே ஆகவேண்டும். அந்தச் சுவரை எவராலும் புதுப்பிக்க முடியாது. நாட்டுப்புறக் கலைஞருக்குப் பெயர் உண்டு என்பதை நாம் எவ்வளவு எளிதில் மறக்கிறோம்! ரவிவர்மாவின் ஓவியம் தொங்கும் சுவராயிருந்தால் முதலில் ஓவியத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருப்போம்.

முற்றத்தில் அமர்ந்திருப்பவர்கள்

திறந்தவெளி அருங்காட்சியகம் என்ற கருத்தே ஸ்வீடன் நாட்டிலிருந்து பரவியது. 1891-இல் ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்டாக்ஹோம் நகரில் 'ஸ்கான்சென்' என்ற வளாகத்தைத் திறந்தார். ஆலைத்தொழில் பெருகிக் கிராமங்கள் காலியாகத் தொடங்கிய காலம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தியதோடு, அவற்றுள் ஆட்களையும் இருத்தினார். போலந்து போன்ற நாடுகளில் இன்று 'ஸ்கான்சென்' என்றாலே திறந்தவெளி அருங்காட்சியகம் என்றுதான் பொருள்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைப் பார்த்த வாசகர்களுக்கு இம்முறை புதிதன்று. டெபோரா தியாகராஜன் 1984-இல் நிறுவிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, 1996 டிசம்பர் 14 அன்று அதனைத் திறந்துவைத்தது. லாரி பேக்கர், பென்னி குரியாகோஸ் ஆகியோரின் கைவண்ணம் அங்கே உண்டு. இடிபட இருந்த செட்டிநாட்டு வீடு, நெல்லைப் பக்கத்து அக்கிரகார வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு எனப் பலவற்றை விலைகொடுத்து வாங்கி, தூணையும் நிலையையும் எண்ணிட்டுப் பிரித்து, இங்கே கொணர்ந்து மீண்டும் எழுப்பினார்கள். தட்சிணசித்ராவில் காணும் கதவு உண்மையிலேயே ஒரு குடும்பம் திறந்து மூடிய கதவு. தில்லியில் உள்ளவையோ பெரும்பாலும் அவ்வவ்வூர் முறைப்படி புதிதாகக் கட்டப்பட்டவை. பழைமையைத் தேடிச் செல்வோர்க்கு முட்டுக்காடே நிறைவளிக்கும் என்பது என் கருத்து.

ஆனால் தில்லிக்கு வேறொரு சிறப்பு உண்டு. மழைக்காலம் நீங்கலாக, நாட்டின் பல மூலைகளிலிருந்து கைவினைஞர்கள் முறைவைத்து அழைக்கப்படுகின்றனர். முற்றத்தில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். செய்ததை அங்கேயே விற்கிறார்கள். இடையில் தரகர் இல்லை. டோக்ரா முறையில் மெழுகை உருக்கி வெண்கலம் வார்ப்பவர், துணியில் கலம்காரி வரைபவர், மூங்கில் பின்னுபவர் என ஒவ்வொரு முறையும் முகங்கள் மாறும். ஒரு பொருள் உருவாக எத்தனை நாழிகை ஆகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தபின், வாங்குகிறவர்க்கு விலை பேசும் நா சற்றே தயங்கும். இப்போதெல்லாம் பலர் விரிப்பின் ஓரத்தில் க்யூஆர் குறியீட்டு அட்டையும் இருக்கிறது. பணம் நேரே அவர்கள் ஊர்க் கிளையில் உள்ள கணக்குக்குச் சென்று சேர்கிறது என்பதைக் காணும்போது, நம் துறையின் பங்கு குறித்துச் சிறிது பெருமிதமும் தோன்றாமல் இல்லை.

கைத்தொழிலர்க்கான கடன்வசதியும் முன்னைவிட விரிந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு, பிணையின்றி 3 இலட்சம் ரூபாய் வரை இரண்டு தவணைகளில் 5 விழுக்காடு வட்டியில் கடன் வழங்க வகைசெய்கிறது. குயவர், தச்சர், கொத்தனார், கூடை பாய் முடைவோர் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். கூரை வேய்பவரும் சுவர் மெழுகுபவரும் தனித்தொழிலராக அதில் இல்லை. வேலையே அருகிவரும்போது பட்டியலில் இடம் எங்கே கிடைக்கும்? தில்லி முற்றத்துக் குடிசைகளைத் தாங்கி நிற்பது அவ்விரு தொழில்கள்தாம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை விடுமுறை. மெட்ரோவின் நீலவழித்தடத்தில் 'சுப்ரீம் கோர்ட்' நிலையத்தில் இறங்கவேண்டும். பிரகதி மைதான் என்று முன்னர் வழங்கிய நிலையம் அதுவே. அங்கிருந்து நடந்தோ ஆட்டோவிலோ செல்லலாம். நவம்பர் முதல் மார்ச் வரை திறந்தவெளியில் உலவ ஏற்ற காலம்; மே, ஜூன் மாதங்களில் தில்லி வெயிலைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள். முதலில் கிராமத்தைச் சுற்றிவிட்டுப் பிறகு கூடங்களுக்குள் செல்வது நல்லது. வளாகத்துள் ஒளிப்படம் எடுக்க விரும்பினால் நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளவேண்டும். கைவினைஞர்களின் முற்றத்துக்கு மட்டும் ஒருமணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அவர்களுள் பலருக்கு இந்தி நமக்குத் தெரிந்த அளவே தெரியும் என்பதால், பேச்சுக்குத் தயங்கவேண்டியதில்லை.